சித்தன்னவாசல் போறீங்களா? முதல்ல ஃபிளாஷை ஆஃப் பண்ணுங்க!

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் சாலையில் சுமார் 16 கி.மீ. போனால் சித்தன்னவாசல். குடுமியான்மலையும் நார்த்தாமலையும் இதே மாவட்டத்தில்தான். காலையிலேயே கிளம்பினால் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஏழடிப்பட்டம்: சித்தன்னவாசல் குன்றில் உள்ள இயற்கைக் குகை. சமணத் துறவிகள் தங்கிய 17 கல்படுக்கைகள் இங்கே உள்ளன. பெரிய படுக்கையில் இருக்கும் தமிழி எழுத்து சுமார் 2,000 ஆண்டுப் பழமையானது. பாறை சூடாகும் முன்பே ஏறிடுங்க.

அறிவர் கோவில்: அதே குன்றைக் குடைந்து அமைத்த சமணக் குடைவரை. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்தார் என்கிறது கல்வெட்டு. விதானத்தில் தாமரைக் குளம், மீன்கள், யானைகள், பூப்பறிப்பவர்கள். தூண்களில் நடன மங்கையர்.

குடுமியான்மலை: மேலைக்கோவில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் பழைய இசைக் கல்வெட்டு இருக்கிறது.

நார்த்தாமலை: விஜயாலய சோழீச்சுரத்தின் கருவறை வட்ட வடிவம். எதிரே இரண்டு குடைவரைகள்; பெரியதில் 12 விஷ்ணு சிற்பங்கள்.

இப்போ முக்கியமான விஷயம். சித்தன்னவாசல் ஓவியம் பாறையின் மேல் பூசிய மெல்லிய சுண்ணாம்புப் பூச்சில் தீட்டியது. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே அழிந்துவிட்டது. கை பட்டால் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டும். உரசினால் பூச்சு உதிரும். உதிர்ந்த வண்ணத்தை யாராலும் பழையபடி கொண்டுவர முடியாது. அதனால்:

• ஃபிளாஷ் வேண்டாம். படம் எடுக்கும் முன் காவலரிடம் அனுமதி கேளுங்க.
• சுவர், தூண், கல்வெட்டு எதையும் தொடாதீங்க. சாய்ந்து நின்று செல்ஃபியும் வேண்டாம்.
• யாராவது பெயர் கிறுக்கினால் உடனே காவலரிடம் சொல்லுங்க. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.
• மத்திய தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களுக்கு ஆன்லைனிலும் டிக்கெட் எடுக்கலாம். 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை.
• சிக்னலை நம்பாமல், வரைபடத்தை முன்பே போனில் டவுன்லோடு செய்துகொள்ளுங்க. தண்ணீர் பாட்டிலும் அவசியம். காலி பாட்டிலைத் திரும்ப எடுத்து வந்துடுங்க.

ஓவியத்தின் முன்னால் போனைக் கொஞ்ச நேரம் பையில் வைத்துவிட்டு, குளத்தில் எத்தனை மீன் தெரியுதுன்னு பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்க. ஒருமுறை எண்ணிப் பார்த்த பிள்ளை அந்தச் சுவரில் கிறுக்காது.