ஆடும் சப்ளையும் ஆடாத கையும்

தம்பி, பெரம்பலூரில் சர்வீஸ் கடை போடப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்லா இரு. ஃப்யூஸ் போனது, டையோடு வெடித்தது எல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 9க்கும் 14க்கும் அலைபாயும் எஸ்எம்பிஎஸ் சப்ளை ஒன்று வரும் பார், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் உயிர். மெயின் 230 வோல்ட் என்றாலும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கியதும் அது இறங்கிவிடாது. ரெசிஸ்டர் வைத்து இறக்கு, மீட்டரில் பார், அப்புறம் தொடு. ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடுவதில் வீரம் எதுவும் இல்லை.

2. பதறாத காரியம் சிதறாது. வெளியே வரும் வோல்டேஜை டிஎல் 431 பார்த்து ஆப்டோவிடம் சொல்கிறது, ஆப்டோ ஐசியிடம் சொல்கிறது, ஐசி மாஸ்ஃபெட்டை அடக்குகிறது, அதன் பலன் மறுபடி வெளியே வந்து நிற்கிறது. கும்மியில் ஒருத்தி தாளம் தப்பினால் எல்லாக் கையும் தப்பும். இந்த வட்டமும் அப்படித்தான். எங்கே மீட்டர் வைத்தாலும் அங்கே கோளாறு இருப்பதாகத்தான் தெரியும். என்னிடம் வேலை பழகிய ஒரு பையன் ஒரே சாயங்காலத்தில் ஐசி, ஆப்டோ, 431 மூன்றையும் மாற்றினான். ஆட்டம் நிற்கவில்லை, போர்டின் தாமிரத் தடம்தான் பெயர்ந்து வந்தது. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், நோட்டில் எழுது. பெல் ஆய்வகத்தில் ஹரால்ட் பிளாக் எதிர்மறை ஃபீட்பேக்கைக் கண்டுபிடித்தது 1927இல். அது எப்போது ஆடும் என்ற கணக்கை நைக்விஸ்ட் வெளியிட்டது 1932இல். அவர்களுக்கே ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது, உனக்கு ஒரு ராத்திரி போனால் போகட்டும்.

3. ‘டிக் டிக்’ என்று துடிப்பதெல்லாம் ஃபீட்பேக் கோளாறு ஆகாது. யூசி 3842 ஐசி 16 வோல்ட்டில் விழிக்கும், 10இல் தூங்கும். வெளியே டையோடு ஷார்ட் ஆனாலும், ஐசிக்குச் சோறு போடும் சின்ன கெப்பாசிட்டர் காய்ந்தாலும் விழித்து விழித்துத் தூங்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வட்டத்துக்குள் போ.

4. கொண்டுவருபவர் பேச்சைக் காது கொடுத்துக் கேள். “காலையில போட்டா துடிக்குது தம்பி, அரை மணி கழிச்சு தானா சரியாயிடுது” என்று ஒரு அம்மா சொன்னால், பாதி வேலையை அவரே முடித்துவிட்டார் என்று அர்த்தம். காய்ந்த கெப்பாசிட்டரின் உள்தடை குளிரில் ஏறும், சூட்டில் இறங்கும். வெளியீட்டுக் கெப்பாசிட்டருக்கு ஹேர் டிரையர் காட்டு; ஆட்டம் நின்றால் ஆள் அகப்பட்டான். மைக்ரோஃபாரட் சரியாகக் காட்டுகிறதே என்று ஏமாறாதே, உள்தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டரை வை. 105 டிகிரி சரக்கு போடு. ‘பெரிசா போட்டா இன்னும் நல்லது’ என்று மேதாவித்தனம் வேண்டாம். பழைய உள்தடையையும் கணக்கில் வைத்துத்தான் அந்த வட்டத்தை அமைத்திருப்பார்கள்; அது ரொம்பக் குறைந்தாலும் ஆடும்.

5. “ரெண்டும் 817தானே” என்று ஆப்டோவை மாற்றாதே. பிசி 817 ஏ என்றால் நூற்றுக்கு 80 முதல் 160 வரை கடத்தும், சி என்றால் 200 முதல் 400 வரை. எழுத்து மாறினால் வட்டத்தின் வேகமும் மாறும்.

6. மெயின் வழியில் தொடராக வைக்கும் சீரிஸ் பல்பு நல்ல காவல்காரன், ஆனால் பொய்யும் சொல்வான். சின்ன பல்பு வைத்து லோடு கொடுத்தால் சப்ளைக்கு வோல்டேஜ் குறையும்; குறையக் குறைய அது கரண்டை அதிகம் இழுக்கும், இன்னும் குறையும். நல்ல சப்ளையும் துடிக்கும். ஷார்ட் இல்லை என்று தெரிந்ததும் பல்பை எடுத்துவிடு.

7. அரியலூர்ப் பக்கத்து போர்டு என்றால் முதலில் பிரஷ்ஷை எடு. சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் லாரியும் ஓடும் ஊர். தூசியில் மழைக்கால ஈரம் சேர்ந்தால் 431 பக்கத்து ரெசிஸ்டர்களின் கணக்கே தப்பும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்தாலே சில போர்டு உயிர் பெறும். அதற்கு பார்ட்ஸ் காசு வாங்காதே.

8. ஃபீட்பேக்கை அறுத்துப் பார்க்கலாம் என்று கை பரபரக்கும். அறுத்தால் வோல்டேஜ் எகிறும், அடுத்தவர் டிவி போகும். 12 வோல்ட் பைக் பல்பை லோடாக வைத்துச் சோதி. ஆட்டம் நின்றபிறகும் ஒரு மணி நேரம் ஓடவிடு. கழற்றிய பார்ட்ஸைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் கூலியைக் கேள்.