மிஞ்சிய சோறு அன்னதானம் ஆகுமா?

கல்யாணப் பந்தி முடிந்ததும் அண்டாவில் மிஞ்சியதை ஒரு முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டால் அன்னதானம் செய்த புண்ணியம் வந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அனுப்புகிறவர் மனத்தில் கெடுதல் இல்லை. கெடுதல் சோற்றில் இருக்கலாம். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடே வருபவை. உலை கொதித்தாலும் அவற்றில் சில சாவதில்லை. வடித்த சோறு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அதனால்தான் காலையில் வடித்தது மாலையில் இல்லத்தின் வாசலுக்கு வரும்போது, சமையற்கட்டில் இருப்பவர்கள் தயங்குகிறார்கள். ‘சுடவைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்பார்கள். ஆகாது. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. சோறு ஊசிப்போன வாடை வீச வேண்டும் என்பதுமில்லை. முகர்ந்து பார்த்து முடிவுசெய்ய வழியே இல்லை. அதைச் சாப்பிடப்போகிறவர்களோ வயதானவர்கள், குழந்தைகள், நோயாளிகள். ‘வேண்டாம்’ என்று தட்டைத் தள்ளிவைக்கும் வசதி அவர்களுக்குக் கிடையாது.

அப்படியானால் அவ்வளவு சோற்றையும் குப்பையில் கொட்டுவதா என்று கேட்பது நியாயமே. கொட்ட வேண்டியதில்லை, ஆனால் பந்தி முடியும்வரை காத்திருக்கக் கூடாது. இலைக்கு வராத உணவை முன்கூட்டியே தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி, சூடு குறையாமல் வைத்து, சமைத்த நேரத்தையும் சொல்லி உடனே அனுப்பினால் அது நல்ல உணவுதான். உபரி உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் விதிமுறைகள் வகுத்திருக்கிறது. இலவசமாகக் கொடுப்பதற்குச் சட்டம் எதற்கு என்று சிலர் கோபப்படுகிறார்கள். காசு வாங்காததால் வயிற்றுவலி வராமல் போய்விடாதே.

உண்மையில் ஓர் அன்னதானக் கூடம் மிச்சத்தை நம்பி நடப்பதில்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே அன்பர்கள் கொண்டுவந்து இறக்குவது அரிசி, பருப்பு, காய்கறி. சமைப்பது சாலையின் அடுப்பில். எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு என்று தெரிந்து உலை வைக்க முடிவதுதான் இதன் பலம். பொருளாகக் கொடுத்தால்தான் புண்ணியம், பணம் கொடுத்தால் குறைவு என்பதும் தவறான எண்ணமே. அரிசி மூட்டைகள் குவிந்து கிடக்கும்போது எண்ணெயும் கேஸ் சிலிண்டரும் தீர்ந்திருக்கலாம். சமைப்பவருக்குச் சம்பளம் தர வேண்டியிருக்கலாம். பணம் எங்கே போகும் என்ற சந்தேகம் எழுந்தால் ரசீது கேளுங்கள், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தவறில்லை. பிறந்தநாளுக்கும் அமாவாசைக்கும் ஒரே இல்லத்தில் நான்கு பேர் பாயசம் கொடுப்பார்கள். நடுவில் வரும் சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இருக்காது. கொடுக்க நினைப்பவர் முதலில் சமையற்கட்டுக்கு ஒரு போன் போட்டு, எந்தத் தேதி காலியாக இருக்கிறது, எந்தச் சாமான் தீரப்போகிறது என்று கேட்டுக்கொள்ளட்டும்.