திடீரென நின்றுபோன பழைய இங்க்ஜெட் பிரிண்டர்

1. பிரிண்டரை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் செருகவும். தற்காலிகப் பிழைகள் பல இதிலேயே நீங்கிவிடும்.

2. கணினியின் துணையின்றி, பிரிண்டரின் பொத்தான்களைக் கொண்டே சோதனைப் பக்கம் ஒன்றை எடுக்கவும். அது வெளிவந்தால் கோளாறு கணினியிலோ இணைப்பிலோ உள்ளது எனக் கொள்ளலாம். அந்நிலையில், அச்சுப் பணிகளை வரிசைப்படுத்தும் விண்டோஸ் சேவையான 'பிரிண்ட் ஸ்பூலரை' நிறுத்தி மீண்டும் தொடங்கவும். அண்மையில் ரௌட்டர் மாற்றப்பட்டிருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைக்கவும். பழைய பிரிண்டர்கள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸை அறியா.

3. தாள் வெறுமையாகவோ கோடு கோடாகவோ வந்தால், மை தெளிக்கும் நுண்துளைகளான நாசில்கள் உலர்ந்து அடைபட்டிருக்கக்கூடும் என்பதால், அவற்றைச் சுத்தம் செய்யும் 'ஹெட் கிளீனிங்' வசதியை இயக்கவும்; இரண்டு மூன்று முறையில் பலன் இல்லையெனில் ஓர் இரவு காத்திருந்து மீண்டும் முயலவும். ஒவ்வொரு முறையும் விலையுயர்ந்த மை வீணாகிறது. நாசில்கள் கார்ட்ரிட்ஜிலேயே அமைந்துள்ள ஹெச்பி, கேனான் மாதிரிகளில், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த, நூல் பிரியாத துணியால் அவற்றை மெல்ல ஒற்றியெடுக்கவும். தேய்த்தால் துளைகள் கெடும்.

4. பிரிண்டரைச் சுவரிலுள்ள சுவிட்சால் அணைக்காமல், அதன் சொந்தப் பொத்தானாலேயே அணைக்கவும்; அப்போதுதான் நாசில்கள் உலராதபடி மூடிக்கொள்ளும்.

5. 'இங்க் பேட்' நிறைந்தது என்ற அறிவிப்பு வந்தால், கழிவு மையை உறிஞ்சும் அப்பஞ்சுத்தட்டை மாற்றாமல், பிரிண்டர் வைத்திருக்கும் கழிவு மைக் கணக்கை மட்டும் அழிக்கும் குறுக்குவழியைத் தவிர்க்கவும். மை மேசையில் வழியக்கூடும்.