போரின் கணக்கு – ஈராக் தரும் பாடம்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பாட்டிமார் சொல்லி வைத்த பழமொழி. உப்பும் புளியும் வாங்குவதற்குக் கூட நம் அன்னையர் கணக்கு நோட்டை எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் நாடுகள் பிற நாட்டின் மீது படை நடத்தப் புறப்படும்போது இந்தப் பழமொழியை நினைவில் கொள்கின்றனவா? இதனை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் இரு சிறு உவமைகளைக் கூறுகிறார். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கப் பணம் போதுமா என்று கணக்குப் பார்ப்பான். பதினாயிரம் பேரோடு போருக்குப் போகும் அரசன், இருபதினாயிரம் பேரோடு வருபவனை எதிர்க்க முடியுமா என்று முதலில் உட்கார்ந்து எண்ணுவான். இயலாதெனில் தூதரை அனுப்பிச் சமாதானம் தேடுவான். ஆண்டவர் இவற்றைச் சொன்னது, தம்மைப் பின்பற்றுவதன் விலையை மக்கள் உணர வேண்டும் என்பதற்காக. ஆயினும் 'முதலில் உட்கார்ந்து எண்ணுதல்' என்னும் அறிவு அரசாள்வோர்க்கும் பொருந்துவதே அன்றோ! அவ்வாறு சரிவர எண்ணாமல் தொடங்கிய ஒரு போரின் வரலாற்றைக் காண்போம்.

போருக்கு முன் போட்ட கணக்கு

2003-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு சில நாடுகளும் ஈராக்கின் மீது படையெடுத்தன. ஈராக் அதிபர் சதாம் உசேன் பேரழிவு ஆயுதங்களை ஒளித்து வைத்திருக்கிறார் என்பதே முதன்மையான காரணமாகச் சொல்லப்பட்டது. சதாம் கொடுங்கோலர் என்பதில் ஐயமில்லை. 1988-இல் ஹலப்ஜா என்னும் ஊரில் நச்சுவாயு வீசி, தம் நாட்டுக் குர்து மக்கள் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது அவருடைய படையே.

இப்போருக்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்வி முன்பே எழுந்தது. 2002 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். அது மிகையான மதிப்பீடு என்று அரசினர் ஒதுக்கித் தள்ளினர். அவ்வாண்டு டிசம்பரில் அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அம்மாத இறுதியில் வரவு செலவுத் துறைத் தலைவர் மிட்ச் டேனியல்ஸ், 5,000 கோடி முதல் 6,000 கோடி டாலர் வரை போதும் என்றார். பாதுகாப்புத் துறைத் துணைச் செயலர் பால் உல்ஃபோவிட்ஸோ, ஈராக் தன் எண்ணெய் வருமானத்தைக் கொண்டே விரைவில் தன்னைச் சீரமைத்துக் கொள்ள இயலும் என்று காங்கிரஸ் குழுவிடம் கூறினார்.

படைபலத்திலும் இதே நிலைதான். ஈராக்கில் அமைதியை நிலைநாட்டப் பல இலட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி 2003 பிப்ரவரியில் எச்சரித்தார். இரு நாட்களில் அக்கணிப்பு மேலிடத்தாரால் மறுக்கப்பட்டது.

இவர்கள் ஏன் இவ்வளவு குறைவாக எண்ணினர்? முந்தைய போர் தந்த மயக்கம் ஒரு காரணம் எனலாம். 1991-இல் குவைத்தை மீட்க நடந்த வளைகுடாப் போரின் தரைப் போர் ஏறத்தாழ நூறு மணி நேரத்தில் முடிந்தது. அதற்கான செலவில் பெரும்பகுதியைச் சவூதி அரேபியா, குவைத், ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகள் ஏற்றுக் கொண்டன. ஆனால் அன்று படைகள் பாக்தாத் வரை செல்லவில்லை. அந்நாட்டை ஆளும் பொறுப்பையும் ஏற்கவில்லை. வீட்டு வாசலில் நின்று திரும்புவது வேறு, வீட்டுக்குள் புகுந்து குடித்தனம் நடத்துவது வேறு என்பதை அவர்கள் மறந்தனர்.

எண்ணியதும் நடந்ததும்

2003 ஏப்ரல் 9-ஆம் நாள் பாக்தாத் வீழ்ந்தது. மே 1-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் ஒரு போர்க்கப்பலின் மேல் நின்று, பெரும் போர் நடவடிக்கைகள் முடிந்தன என்று அறிவித்தார். உண்மையில் துன்பம் அதன் பின்னரே தொடங்கிற்று.

அதே மே மாதத்தில் ஈராக்கின் நிர்வாகியாக அனுப்பப்பட்ட பால் பிரெமர், ஈராக்கின் இராணுவத்தைக் கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையும் வருவாயும் இன்றித் தெருவில் நின்றனர். அவர்களுள் பலர் கிளர்ச்சியாளருடன் சேர்ந்தனர். ஆகஸ்டு 19-ஆம் நாள் பாக்தாதில் ஐக்கிய நாடுகள் அலுவலகம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது, ஐ.நா. தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோ உட்பட 22 பேர் மாண்டனர். 2006 பிப்ரவரியில் சமாரா நகரில் ஷியா முஸ்லிம்களின் புனிதத் தலம் தகர்க்கப்பட, ஷியா, சன்னி பிரிவினரிடையே உள்நாட்டுப் போரை ஒத்த கொலைகள் பெருகின. 2007-இல் அமெரிக்கா மேலும் ஏறத்தாழ 30,000 வீரர்களை அனுப்ப வேண்டியதாயிற்று.

போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ஆயுதங்கள் என்னவாயின? அமெரிக்காவே அமைத்த ஆய்வுக் குழு, அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் ஈராக்கில் இல்லை என்று 2004-இல் அறிக்கை தந்தது.

2011 டிசம்பர் 18-ஆம் நாள் கடைசி அமெரிக்கப் படைப்பிரிவு வெளியேறியது. மூன்று ஆண்டுகள் கூட நிறைவு பெறவில்லை. 2014 ஜூனில் 'இஸ்லாமிய அரசு' என்னும் பயங்கரவாத அமைப்பு மோசூல் நகரைக் கைப்பற்ற, அமெரிக்கப் படையினர் மீண்டும் ஈராக்குக்கு வர நேர்ந்தது. சில மாதங்களில் முடியும் என்று தொடங்கிய காரியம் எங்கு போய் நின்றது பாருங்கள்!

செலவு எவ்வளவு?

அமெரிக்கக் காங்கிரசின் ஆய்வுப் பிரிவு 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஈராக் போருக்காக நேரடியாக ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 81,500 கோடி டாலர். டேனியல்ஸ் சொன்ன தொகையைப் போல இது 13 முதல் 16 மடங்கு. மிகையாகச் சொன்னார் என்று பழிக்கப்பட்ட லிண்ட்சேயின் உச்ச மதிப்பீட்டை விடவும் நான்கு மடங்கு அதிகம். படையெடுப்பு தொடங்கியதிலிருந்து 2011 இறுதி வரை உள்ள ஏறத்தாழ 3,200 நாட்களுக்கு இதைப் பங்கிட்டால், நாளொன்றுக்கு 25 கோடி டாலர் ஆகிறது. ஓர் இலட்சம் ரூபாயில் கூரை போட்டு விடலாம் என்று சொன்ன கொத்தனார், பிறகு பதின்மூன்று இலட்சத்துக்குச் சீட்டு நீட்டினால் நம் வீட்டார் என்ன சொல்வார்கள்?

ஈராக்கைச் சீரமைக்க மட்டும் ஏறத்தாழ 6,000 கோடி டாலர் செலவிடப்பட்டது. அதில் குறைந்தது 800 கோடி டாலராவது வீணாயிற்று என்று இதற்கென அமைந்த தனித் தணிக்கை அலுவலகத்தின் தலைவர் 2013-இல் மதிப்பிட்டார். ஃபலூஜா நகரத்துக் கழிவுநீர்த் திட்டம் 2004-இல் சுமார் 3 கோடி டாலர் மதிப்பில் தொடங்கப்பட்டது. சண்டையின் நடுவே குழாய் பதிப்பது எளிதா? செலவு மும்மடங்காகப் பெருகியும், எண்ணிய வீடுகளுள் ஒரு பகுதிக்கே அது பயன்பட்டது.

முடியாத கடன்

இப்பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் கேட்க வேண்டும். முன்னாளில் போர் வந்தால் அரசு வரியை உயர்த்தும். மக்கள் அப்போதே பாரத்தை உணர்வர். ஈராக் போரின்போது அமெரிக்க அரசு வரியைக் குறைத்து, போருக்குக் கடன் வாங்கியது. ஆகவே வட்டியும் முதலும், அப்போது பிறந்தும் இராத பிள்ளைகளின் தலையில் விழுகின்றன.

காயமுற்ற வீரர்களின் மருத்துவமும் ஓய்வூதியமும் இன்னொரு நீண்ட கடன். இப்போரில் 32,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் காயமடைந்தனர். இவற்றையெல்லாம் சேர்த்து எண்ணிய பொருளாதார அறிஞர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்ம்ஸும், மொத்தச் செலவு 3 இலட்சம் கோடி டாலரை எட்டும் என்று 2008-இல் எழுதினர்.

இது மிகையெனத் தோன்றுகிறதா? ஒரு செய்தியைக் கேளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-இல். அப்போரில் பணியாற்றிய ஒருவரின் மகளுக்கு மாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியமாக வழங்கப்பட்டு வந்தது. அம்மூதாட்டி இறந்தது 2020-இல்! துப்பாக்கிகள் ஓய்ந்து 155 ஆண்டுகள் வரை அப்போரின் கணக்கு மூடப்படவில்லை.

பணத்தில் அடங்காத கணக்கு

எந்த நோட்டுப் புத்தகத்திலும் எழுத முடியாத செலவும் உண்டு. அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 4,500 பேர் மாண்டனர். ஈராக் பொதுமக்களில், பதிவான இறப்புகள் மட்டுமே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவை.

அங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்து வரும் கிறிஸ்தவ மக்களையும் நாம் நினைத்தல் தகும். பத்து இலட்சத்துக்கும் மேல் என மதிப்பிடப்பட்டிருந்த அவர்களுடைய தொகை, இன்று சில இலட்சங்களாகச் சுருங்கிவிட்டது. 2008-இல் மோசூல் பேராயர் பவுலோஸ் ஃபராஜ் ரஹோ கடத்தப்பட்டு, பிணமாகக் கிடைத்தார். 2014 ஆகஸ்டில் கராகோஷ் நகரத்துக் கிறிஸ்தவர்கள் ஓர் இரவில் வீடு வாசலை விட்டு ஓடினர். அவர்களோடு அருட்சகோதரிகளும் அகதிகளாயினர்.

நம் நாட்டாரும் தப்பவில்லை. 2014-இல் திக்ரித் மருத்துவமனையில் பணியாற்றிய 46 இந்தியச் செவிலியர் போரின் நடுவே சிக்கினர். பெரும்பாலோர் கேரளப் பெண்கள். குடும்பக் கடனைத் தீர்க்கச் சென்றவர் பலர். இறையருளால் ஜூலை மாதம் அவர்கள் கொச்சிக்குத் திரும்பினர். மோசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளரோ திரும்பவில்லை. அவர்கள் கொல்லப்பட்டதை 2018-இல் நம் அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது.

அப்படியானால் தலையிடவே கூடாதா?

இக்கேள்வி நியாயமானதே. அயல்நாட்டில் அநியாயம் நடக்கையில் கைகட்டி நிற்பதும் பாவமாகலாம். 1994-இல் ருவாண்டா நாட்டில் சுமார் நூறு நாட்களில் பல இலட்சம் பேர் கொல்லப்பட்டபோது, தடுக்கக் கூடிய நாடுகள் பார்த்திருந்தன.

நம் இந்தியாவின் அனுபவமே இருவகையாக உள்ளது. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் நம் நாட்டிற்குள் வந்தனர். அவர்களைக் காக்க, அஞ்சலில் 5 காசு வில்லை கூடுதலாக ஒட்டியதை நம் முதியோர் நினைவுகூர்வர். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த போர் 13 நாட்களில் முடிந்தது; வங்காளதேசம் விடுதலை பெற்றது; சில மாதங்களில் நம் படை திரும்பியது. 1987-இல் அதே இந்தியப் படை அமைதி காக்க இலங்கைக்குச் சென்றது. ஆனால் எவர்களைக் காக்கச் சென்றதோ, அவர்கள் மண்ணிலேயே போரிட நேர்ந்தது. தமிழ்ப் பொதுமக்கள் பலர் மாண்டனர். நம் வீரர் ஏறத்தாழ 1,200 பேர் உயிர் நீத்தனர். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது அங்கு அமைதி பிறந்திருக்கவில்லை. நாடு அதுவே, படை அதுவே; விளைவு வேறு. படையைப் புறப்படச் செய்வது அரசின் கையில் இருக்கிறது. முடிவு அதன் கையில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

2003-இல் ஈராக்குக்கு வீரர்களை அனுப்புமாறு அமெரிக்கா இந்தியாவைக் கேட்டது. பிரதமர் வாஜ்பாயி தலைமையிலான அமைச்சரவைக் குழு நன்கு ஆராய்ந்து, ஐ.நா.வின் தெளிவான ஆணையின்றிப் படை அனுப்புவதில்லை என்று ஜூலை 14-ஆம் நாள் முடிவு செய்தது. உட்கார்ந்து எண்ணிய அரசன் செய்ததும் இதுதானே!

நாம் கற்க வேண்டியது

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இப்போரைத் தடுக்க அரும்பாடு பட்டார். கர்தினால் எச்செகராயைப் பாக்தாதுக்கும், கர்தினால் பியோ லாகியை வாஷிங்டனுக்கும் தூது அனுப்பினார். பியோ லாகி புஷ்ஷைச் சந்தித்த 2003 மார்ச் 5-ஆம் நாள் விபூதிப் புதன். அன்று உலகெங்கும் விசுவாசிகள் சமாதானத்துக்காக நோன்பிருக்க வேண்டுமெனத் திருத்தந்தை கேட்டிருந்தார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2021 மார்ச்சில், திருத்தந்தை பிரான்சிஸ் மோசூலின் இடிந்த ஆலயங்களுக்கு நடுவே நின்று மாண்டோருக்காகச் செபித்தார். முதல் திருத்தந்தையின் சொல் கேட்கப்பட்டிருந்தால், இரண்டாமவர் அங்கே நின்று செபிக்கும் தேவை எழுந்திருக்குமா?

நாளை வாக்களிக்கப் போகும் நாம், போர் முழக்கம் கேட்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். சொல்லப்படும் காரணம் மெய்தானா? எவ்வளவு ஆகும், அதை யார் தருவார்? வென்ற மறுநாள் என்ன செய்வது? தூதும் பேச்சும் முற்றிலும் தீர்ந்துவிட்டனவா? இக்கேள்விகளைக் கேட்பவரைக் கோழை என்று சிலர் இகழக்கூடும். லிண்ட்சேயையும் ஷின்செகியையும் அவ்வாறே ஒதுக்கினர். இன்று அவர்கள் சொல்லே மெய்யாயிற்று.

அளந்து போடுவது அன்னையர் நமக்குக் கற்றுத் தந்த பாடம். அடுப்பங்கரையில் கற்ற அப்பாடத்தை நாடாளும் மன்றம் வரை கொண்டு செல்வது, கல்வி கற்ற பெண்களாகிய நம் கடமை.