ரேக்குக்கு முன்னால் நிற்பவர்: புதிய நூலகர்களுக்குச் சில அறிவுரைகள்

கிளை நூலகம், பள்ளி நூலகம், தெருப் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் படிப்பகம் என்று எங்கேயோ ஓர் இடத்தில் புத்தகங்களுக்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். படிப்பில் சொல்லிக்கொடுத்ததை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. டூயி எண் போடுவது சீக்கிரம் கைவந்துவிடும். எதிரே வந்து நிற்கிறவர் எந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தேடுகிறார் என்று கேட்கும் காது வரத்தான் நாளாகும். கீழே இருப்பதெல்லாம் அந்தக் காதைப் பற்றியதுதான்.

1. சேர்ந்த புதிதில் எதையும் இடம் மாற்றாதீர்கள். புதிதாக வருகிற எல்லாருக்கும் கை பரபரக்கும். முன்னால் இருந்தவர் அடுக்கியது தப்பாகவே தெரியும். கொஞ்ச நாள் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். “வாஸ்து புக் இருக்கா?”, “குரூப் ஃபோருக்குப் பழைய சமச்சீர் புத்தகம் வேணும்”, “சுகருக்கு என்ன சாப்பிடலாம்னு ஒண்ணு போட்டிருப்பாங்களே”. “பயன்பாட்டு அறிவியல் எங்கே?” என்று கேட்டு ஒருவரும் வரமாட்டார். ரேக்கின் தலையில் எழுதும் பலகையில் எண் சிறியதாக இருக்கட்டும், அவர்கள் சொல்லும் சொல் பெரியதாக இருக்கட்டும்.

2. டூயி எண்ணை மதியுங்கள், அதை முழுக்க நம்பாதீர்கள். அது 1876-ல் அமெரிக்காவில் அச்சான முறை. 200-லிருந்து 299 வரை மதத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பெரும்பகுதி கிறித்தவத்துக்கே போய்விடுகிறது. மற்ற மதங்கள் எல்லாம் 290-களில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். இந்து சமயம் 294.5. நம் ஊர் நூலகத்தில் தலபுராணமும் திருப்பாவை உரையும் சித்தர் பாடலும் அந்த ஒரே எண்ணில் வந்து குவியும். நாவல்களுக்கும் அதே கதி. தமிழ் இலக்கியம் 894.811, புனைகதை 894.8113. நம் கிளை நூலகங்களில் அதிகம் போய்வரும் புத்தகங்கள் அந்த ஒற்றை எண்ணுக்குள்தான் கிடக்கும். அங்கே எண் எதையும் பிரித்துக் காட்டாது. ஆசிரியர் பெயர்தான் காட்ட வேண்டும்.

3. ஆசிரியர் பெயரில்தான் தமிழ் நூலகம் நிமிர்வதும் கவிழ்வதும். தலையெழுத்தை வைத்து அடுக்காதீர்கள். அது அப்பா பெயர், சில சமயம் ஊர்ப் பெயர். தி. ஜானகிராமனை “தி”யில் தேடுகிறவரும் உண்டு, “ஜா”வில் தேடுகிறவரும் உண்டு, புத்தகம் “ஜானகிராமன், தி.” என்றே நிற்கட்டும், “தி. ஜா.” என்ற பெயருக்குப் பட்டியலில் ஒரு வரி இருக்கட்டும். கி.ரா., மு.வ. என்று வருகிறவர்களுக்கும் அப்படியே.

புனைபெயர் இன்னும் சிக்கல். மக்கள் எந்தப் பெயரில் அறிவார்களோ அந்தப் பெயரே ரேக்கில். ரங்கராஜன் என்று எழுதி சுஜாதாவை ஒளித்துவைத்தால் யாருக்கு லாபம்? ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடி யார் கல்கியைக் கண்டுபிடிப்பார்? ஒரே ஓர் உதாரணத்தை மனசில் வையுங்கள். அம்பையின் இயற்பெயர் சி. எஸ். லக்ஷ்மி, அவருடைய ஆங்கில ஆய்வு நூல்கள் அந்தப் பெயரிலேயே வந்திருக்கின்றன. லக்ஷ்மி என்ற புனைபெயரில் எழுதிய நாவலாசிரியை வேறொருவர், டாக்டர் திரிபுரசுந்தரி. இயற்பெயர்தான் முறை என்று அடம்பிடித்தால் அம்பை போய் லக்ஷ்மி பக்கத்தில் உட்காருவார், லக்ஷ்மியோ திரிபுரசுந்தரியாகி “தி”க்குப் போய்விடுவார். கதை படிக்க வந்தவர் இரண்டு பேரையும் தொலைப்பார். அம்பை, லக்ஷ்மி என்றே ரேக்கில் வையுங்கள். பட்டியலில் “லக்ஷ்மி, சி. எஸ். – அம்பை பார்க்க”, “திரிபுரசுந்தரி – லக்ஷ்மி பார்க்க” என்று இரண்டு வரி எழுத இரண்டு நிமிடம் ஆகுமா? இந்தப் “பார்க்க” வரிகளை எழுதச் சோம்பாதவர்தான் நல்ல நூலகர் என்பேன்.

4. அகரவரிசையைக் கணினியிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். யூனிகோடு அட்டவணையில் “ன” என்ற எழுத்து “ந”வுக்கு அடுத்து, “ப”வுக்கு முன்னால் இருக்கிறது. நாம் படித்த வரிசையில் அது கடைசி. மொழி வரிசை தெரியாத மென்பொருளில் அடுக்கச் சொன்னால் “கனவு” போய் “கப்பல்”-க்கு முன்னால் நிற்கும். “ற”, “ழ”, “ள” எல்லாவற்றுக்கும் இதே வம்பு. “ஜ” அங்கே “ச”வை ஒட்டி வரும். நம் வழக்கப்படி கிரந்த எழுத்துகள் கடைசியில். எந்த வரிசை என்று முடிவு செய்துவிட்டு அதிலிருந்து பிறழாதீர்கள். “ச” முடிகிற இடத்தில் ஓர் அட்டையைச் செருகி “ஜானகிராமன், ஜெயகாந்தன், ஜெயமோகன் – கடைசி ரேக்” என்று எழுதிவிட்டால் போதும், பாதிப் பேர் உங்களிடம் வந்து கேட்கவே மாட்டார்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் கைக்கு வந்தால் முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். திரையில் தமிழாகத்தான் தெரியும். தேடினால் ஒன்றும் வராது.

5. லேபிள் ஒட்டுவதை எடுபிடி வேலை என்று நினைத்து யாரிடமாவது தள்ளிவிடாதீர்கள். முதுகின் அடியிலிருந்து ஒன்றரை அங்குல உயரத்தில், எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே கோட்டில். அதற்கு ஓர் அட்டைத் துண்டை அளவாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரியில் எண், அடுத்து ஆசிரியர் பெயரின் முதல் சில எழுத்துகள். “ஜெய” என்று நிறுத்தினால் ஜெயகாந்தனும் ஜெயமோகனும் ஒன்றாகிவிடுவார்கள். “ஜெயகா”, “ஜெயமோ” என்று போடுங்கள். கவிதைப் புத்தகங்களுக்குப் பெரும்பாலும் முதுகே இருக்காது. முன் அட்டையின் இடது கீழ்மூலையில் ஒட்டுங்கள். ஆசிரியர் பெயரை மறைக்காதீர்கள். லேபிள் மேல் சாதாரண செல்லோ டேப் வேண்டாம். சில வருஷத்தில் மஞ்சளடித்து உரிந்து, எழுத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். பால்பாயின்ட் மையும் வெளுக்கும். கருப்பு மார்க்கர், இல்லாவிட்டால் அச்சு.

6. ஒரு புத்தகம் ஒரு ரேக்கில்தான் நிற்க முடியும். ஆனால் பத்துப் பேர் பத்து வழியாக அதைத் தேடி வருவார்கள். இந்தச் சிக்கலை நம் ஊர்க்காரர் ஒருவர்தான் அடியிலிருந்து யோசித்தார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். லண்டனில் படிக்கப் போனபோது ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே பட்டைகள், அதே திருகுகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. ஒரு நூல் பேசும் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துக் கோக்கலாமே என்று தோன்றியது. 1933-ல் வந்த கோலன் பகுப்புமுறைக்கு அதுதான் விதை. தஞ்சாவூரில் நெல்லுக்கு வரும் நோயைத் தடுப்பது பற்றி ஒரு நூல் என்றால் பயிர் தனி, நோய் தனி, தடுப்பு தனி, ஊர் தனி, காலம் தனி.

கோலன் எண் போடச் சொல்லவில்லை. இன்று கிளை நூலகத்தில் அது நடக்காது. பட்டியலில் ஏற்றும்போது எதைப் பற்றியது, என்ன செய்வது, எந்த ஊர், எந்தக் காலம் என்று கேட்டு, கிடைக்கும் விடை ஒவ்வொன்றையும் தேடுசொல்லாகப் போடுங்கள். நெல், பயிர் நோய், தஞ்சாவூர். தஞ்சாவூர் என்று தட்டினவருக்கும் தஞ்சை என்று தட்டினவருக்கும் அது அகப்பட வேண்டும். ரங்கநாதனின் ஐந்து நூலக விதிகள் 1931-ல் நூலாக வந்தன. நான்காவது விதி வாசகரின் நேரத்தைக் காப்பாற்றச் சொல்கிறது. மற்ற நான்கையும் மறந்தாலும் உங்களை மன்னிப்பேன்.

7. “இதர” என்று ஒரு ரேக் வைக்காதீர்கள். வைத்தால் அது மட்டும்தான் வளரும்.

8. தொகுதிகளுக்கு எண் போடுங்கள். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகங்கள் பல அளவில் போட்டிருக்கின்றன, ஒரே நூலகத்தில் மூன்று வகை இருக்கும். “கொலைவாள்” மூன்றாம் பாகம் என்பது படித்தவருக்குத்தான் தெரியும். முதுகில் “பொ.செ. 3” என்று பெரிதாக எழுதுங்கள்.

9. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக முறையை உடைக்கலாம். டூயிப்படி அந்தப் புத்தகங்கள் வரலாறு, அரசியல், கணக்கு என்று சிதறிப்போகும். எல்லாவற்றையும் ஒரே ரேக்கில் கொண்டுவாருங்கள். பாடப்புத்தகத்தின் முதுகில் வகுப்பு, பாடம், பதிப்பு ஆண்டு மூன்றும் வேண்டும். பாடத்திட்டம் மாறினால் அட்டையைப் பார்த்துப் பழையதா புதியதா என்று சொல்வது கஷ்டம். அவர்களுக்கு ஆண்டுதான் முக்கியம்.

10. பெயர் தெரியாமல் வருகிறவரிடம் எரிந்து விழாதீர்கள். 1948-ல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அவர் காசில் வாங்கிய புத்தகத்தைத்தான் கேட்கிறார். “நீல அட்டை, ஒரு கிழவர் படம் இருக்கும்” என்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் இன்னொருவர் அதே நீல அட்டையைக் கேட்பார்.

11. படித்த புத்தகத்தை வாசகர் தானே திருப்பி வைக்கக் கூடாது. மேசையில் விட்டுவிடச் சொல்லி எழுதி மாட்டுங்கள். இடம் மாறி நிற்கிற புத்தகமும் திருட்டுப்போனதும் தேடுகிறவருக்கு ஒன்றுதான். ஒவ்வொரு தட்டிலும் கால்வாசி காலியாக விடுங்கள். இறுக்கி அடைத்த தட்டில் யாரும் சரியான இடத்தில் செருகமாட்டார்கள், நீங்களும்தான்.

12. எடுத்த முடிவுகளை எழுதி வையுங்கள். “ஜ கடைசியில்”, “சித்த மருத்துவம் உடல்நல ரேக்கில்”, “அம்பை அம்பையாகவே” என்று, தேதி போட்டு. மாற்றினால் பழைய வரியை அடிக்காமல் கீழே புதியதை எழுதுங்கள். உங்களுக்கு மாறுதல் உத்தரவு வரும் நாளில் அடுத்து வருகிற பையனுக்கோ பெண்ணுக்கோ சாவியோடு சேர்த்து அந்த நோட்டையும் கொடுங்கள். கொஞ்ச நாளைக்கு எதையும் நகர்த்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.