இரைச்சல் சொல்லும் சேதி: கணினி விசிறியைத் தூய்மை செய்வோம், அறிவியலும் கற்போம்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் அடிக்கடி கேட்கும் புகார், "சார், இந்த கம்ப்யூட்டர் ரொம்ப சத்தம் போடுது" என்பதுதான். பெரும்பாலும் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. கணினி வேலை செய்கிறதே, சத்தம்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தச் சத்தம் ஒரு முன்னறிவிப்பு. எங்கள் ஆய்வகத்தில் நாள்தோறும் இரைந்துகொண்டிருந்த ஒரு கணினி, இணையவழித் தேர்வின் நடுவே தானாக அணைந்துபோனது. மாணவியை வேறு கணினிக்கு மாற்றி உட்காரவைக்க முடிந்தது. ஆனால் அதற்குள் அவருக்கு ஏற்பட்ட பதற்றத்தைச் சரிசெய்ய எந்தக் கருவியும் இல்லை. அன்று மாலை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, உள்ளே கம்பளித் துணி போலத் தூசி படிந்திருந்தது. உதிரிப் பாகம் எதுவும் பழுதாகவில்லை. ஒரு தூரிகையும் அரை மணி நேரமுமே தேவைப்பட்டன.

அதற்குப் பின் இந்தப் பணியைப் பருவத்துக்கு ஒருமுறை மாணவர்களோடு சேர்ந்து செய்துவருகிறேன். அதையே ஒன்பதாம் வகுப்பின் வெப்பம், ஒலி ஆகிய பாடங்களுக்கான செயல்பாடாகவும் மாற்றிக்கொண்டேன். அந்த அனுபவத்தை ஆசிரியர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

விசிறி ஏன் இரைகிறது?

நாம் வழக்கமாக சி.பி.யூ. என்று சொல்லும் பெட்டிக்குள், உண்மையான செயலி ஒரு தீப்பெட்டி அளவே இருக்கும். வேலை செய்யும்போது அது சூடாகும். அந்தச் சூட்டை அதன் மேல் பொருத்தப்பட்ட ஹீட் சிங்க் என்னும் அலுமினியத் தகடுத் தொகுதி உறிஞ்சுகிறது. இது வெப்பக் கடத்தல். தகடுகள் பலவாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் காற்றுபடும் பரப்பு அதிகம். மேலே சுழலும் விசிறி அந்தப் பரப்பின் மீது காற்றைச் செலுத்தி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இது வெப்பச் சலனம்.

தகடுகளுக்கு இடையே தூசி அடைத்தால் இரண்டு இடையூறுகள் நேர்கின்றன. ஒன்று, காற்று புகும் வழி அடைபடுகிறது. மற்றொன்று, தூசிப் படலத்தின் நுண் இடைவெளிகளில் காற்று தேங்கி நிற்கிறது. தேங்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அலுமினியம் காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தக்கூடியது. அந்த அலுமினியத்துக்கு நாம் கம்பளி போர்த்திவிட்டால் என்ன ஆகும்?

செயலி சூடாவதை மதர்போர்டு உணர்ந்து, விசிறியின் வேகத்தைக் கூட்டுகிறது. வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடுகிறது. ஒரே விசிறி இரு மடங்கு வேகத்தில் சுழன்றால் ஒலி அளவு ஏறத்தாழ 15 டெசிபல் உயரும் என்பது பொறியியல் கணக்கு. அப்படியும் சூடு தணியாவிட்டால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். சூடு எல்லை மீறும்போது, செயலி எரிந்துபோகாமல் இருக்கக் கணினி தானாக அணைந்துவிடும்.

முதலில் கேளுங்கள்

திறப்பதற்கு முன், சத்தத்தைக் கவனித்துக் கேட்பது பாதி வேலையை முடித்துவிடும்.

• காற்று வீசுவது போன்ற 'உஸ்' என்ற தொடர் இரைச்சல்: தூசியால் விசிறி வேகமாகச் சுழல்கிறது. தூய்மை செய்தால் சரியாகும்.
• 'டக டக' என்று சீரான தட்டல்: ஏதோ ஒரு கம்பி விசிறி இறக்கையில் உரசுகிறது. கம்பியை ஒதுக்கிக் கட்டினால் போதும்.
• 'கர கர' என்ற உராய்வு: விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கிறது. விசிறியை மாற்ற வேண்டும்.
• பெட்டியைக் கையால் அழுத்தினால் நின்றுவிடும் அதிர்வு: பக்கத் தகட்டின் திருகு தளர்ந்திருக்கிறது.

தொடங்கும் முன்

உத்தரவாதக் காலத்தில் உள்ள கணினிகளையும், முத்திரை ஒட்டப்பட்ட கணினிகளையும் நாமாகத் திறக்கக் கூடாது. பராமரிப்புப் பொறுப்பில் உள்ளவரிடம் முறையாகத் தெரிவியுங்கள். மற்றவற்றைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு திறக்கலாம். எதைத் திறந்தாலும் தேதியுடன் பராமரிப்புப் பதிவேட்டில் குறிப்பது நமக்கும் பாதுகாப்பு.

தேவையானவை: ஸ்டார் திருப்புளி, புதிய ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷ், உலர்ந்த பருத்தித் துணி, முகக்கவசம். கைப்பேசிக் கடைகளில் கிடைக்கும் ரப்பர் குமிழ் ஊதியோ மின் ஊதியோ இருந்தால் நல்லது. வாயால் ஊத வேண்டாம், எச்சிலின் ஈரம் மின்சுற்றில் படியும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே நுழைக்க வேண்டாம், அதன் முனையில் நிலைமின்னூட்டம் உருவாகும்.

தூய்மை செய்யும் முறை

1. கணினியை முறையாக அணைத்து, சுவிட்சையும் நிறுத்தி, மின்கம்பியை உருவிவிடுங்கள். பிறகு பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்னூட்டம் வடியும்.

2. பின்புற இணைப்புகளைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கம்பிகளைக் கழற்றுங்கள். பெட்டியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆய்வகத்துக்குள்ளேயே தட்டினால் அந்தத் தூசி அடுத்த கணினிக்குள் போய்ச் சேரும்.

3. பின்புறத் திருகுகளைக் கழற்றிப் பக்கத் தகட்டைப் பின்னோக்கி நகர்த்தி எடுங்கள். திருகுகளை ஒரு சிறு கிண்ணத்தில் போட்டுவையுங்கள்.

4. உள்ளே கைவைக்கும் முன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் உள்ள நிலைமின்னூட்டம் அதில் இறங்கிவிடும்.

5. விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு இறக்கையையும் பிரஷால் துடையுங்கள். ஊதியால் விசிறியைச் சுழலவிடக் கூடாது. அளவுக்கு மீறிய வேகத்தில் பேரிங் கெடும். சுழலும் மோட்டார் ஒரு மின்னியற்றியாகவும் செயல்பட்டு, மதர்போர்டுக்குள் மின்னோட்டத்தை அனுப்பக்கூடும். மின்காந்தத் தூண்டலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு உண்டா?

6. அடுத்து தகடுகளின் இடைவெளிகள். உண்மையான அடைப்பு இங்கேதான் இருக்கும். பிரஷை இடைவெளியின் நீளவாக்கில் ஓட்டித் தூசியைத் தளர்த்தி, சிறு சிறு வீச்சுகளாக ஊதி வெளியேற்றுங்கள். ஹீட் சிங்கைப் பிடுங்க வேண்டாம். அதற்கும் செயலிக்கும் நடுவே உள்ள வெப்பப் பசை விலகிவிட்டால், பழையதைத் துடைத்துப் புதிதாகப் பூசிய பிறகே மீண்டும் பொருத்த முடியும்.

7. பெட்டியின் பின்புற விசிறி, முன்புறக் காற்றுத் துளைகள் ஆகியவற்றைத் துடையுங்கள். மின்வழங்கிப் பெட்டியை வெளிப்புறத்தில் மட்டும் தூய்மை செய்யுங்கள். மின்கம்பியை உருவிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதை ஆசிரியரும் திறக்கக் கூடாது, மாணவரும் திறக்கக் கூடாது.

8. விசிறியை விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்று மெதுவாக நிற்க வேண்டும். கம்பிகள் எதுவும் இறக்கையில் படவில்லை என்பதை உறுதிசெய்து மூடுங்கள்.

உராய்வுச் சத்தம் தொடர்ந்தால் விசிறியை மாற்றுங்கள். வாங்கும் முன் அதன் அளவு 80, 92, 120 மில்லிமீட்டர் ஆகியவற்றில் எது, இணைப்பில் உள்ள துளைகள் 3-ஆ 4-ஆ என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு

கணினியைத் திறப்பதும் தூய்மை செய்வதும் ஆசிரியரின் கையால் நடக்கட்டும். மாணவர்கள் அளப்பவர்களாகவும் பதிவுசெய்பவர்களாகவும் இருக்கட்டும். இழுப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைத் தூசியிலிருந்து தள்ளி, அளவீட்டுக் குழுவில் அமர்த்துங்கள்.

பெரும்பாலான கணினிகளில் பயாஸ் திரைக்குச் சென்றால் செயலியின் வெப்பநிலையும், விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்பதும் தெரியும். கணினியைப் 10 நிமிடம் ஓடவிட்டு, தூய்மைக்கு முன்னும் பின்னும் இந்த இரண்டையும் மாணவர்கள் அட்டவணையில் எழுதுவார்கள். மற்ற நிலைமைகள் மாறாதிருக்க, அதே அறை, அதே மின்விசிறி, அதே கால அளவு வேண்டும் என்பதை அவர்களையே சொல்லவைக்கலாம்.

பின்வரும் கணக்கைக் கரும்பலகையில் கொடுங்கள். 7 இறக்கைகள் உள்ள ஒரு விசிறி நிமிடத்துக்கு 2400 சுற்று சுழல்கிறது. நொடிக்கு 40 சுற்று. ஒரு புள்ளியை நொடிக்கு 40 × 7 = 280 இறக்கைகள் கடக்கின்றன. எனவே இரைச்சலில் 280 ஹெர்ட்ஸ் அதிர்வெண் மேலோங்கிக் கேட்கும். வேகம் 1200 ஆகக் குறைந்தால் அது 140 ஹெர்ட்ஸ். சத்தம் குறைவதோடு சுருதியும் இறங்குவதை மாணவர்கள் காதாலேயே உணர்ந்துவிடுகிறார்கள். புத்தகத்தில் படித்த அதிர்வெண் அவர்களுக்குக் கேட்கும் பொருளாகிறது.

விவாதத்துக்குச் சில வினாக்கள்: தகடுகளுக்குப் பதில் ஒரே கனமான உலோகக் கட்டியை வைத்தால் என்ன? மடிக்கணினியை மெத்தையில் வைத்துப் பயன்படுத்தினால் ஏன் சூடாகிறது? வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தூசிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மீண்டும் சேராமல் இருக்க

தூசியை முழுவதும் தடுக்க முடியாது, தாமதப்படுத்த முடியும். பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஆய்வகத்தைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. கணினியை இயக்கும் முன் தூசி உறையை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், குறிப்பாகக் கோடை விடுமுறைக்குப் பின், ஒருமுறை திறந்து பாருங்கள்.

'பழுது' என்று எழுதி மூலையில் ஒதுக்கிய கணினிகள் பல பள்ளிகளில் உண்டு. அவற்றில் தானாக அணைவதாகவும் இரைவதாகவும் ஒதுக்கப்பட்டவற்றை முதலில் திறந்து பாருங்கள். அவற்றுள் ஒன்று மீண்டாலும், ஒரு திரையை இருவர் பகிரும் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தனிக் கணினி கிடைக்கும்.