செல்ப் சுற்றுகிறது, வண்டி கிளம்பவில்லை

கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. சென்ற ஐப்பசியில் ஒரு நாள், எங்கள் ஒன்றியத்து ஊராட்சி உறுப்பினர் சிலருடன் காலை மீன் ஏலத்தைக் காண அங்கே சென்றிருந்தேன். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரைசேர்ந்த படகொன்றிலிருந்து, வலைக்கயிற்றில் கை சிக்கி நசுங்கிய மீனவர் ஒருவரை இறக்கி, தெருமுனையில் நின்ற பழைய அம்பாஸடர் காரில் ஏற்றினார்கள். சாவியைத் திருப்பியதும் செல்ப் நன்றாகச் சுற்றியது. இஞ்சின் மட்டும் பற்றிக்கொள்ளவில்லை. "இன்னும் ஒரு தரம் அடிங்க, அண்ணே!" என்று சுற்றி நின்றவர்கள் கூற, வண்டிக்காரரும் விடாமல் அடித்தார். பத்து நிமிஷத்தில் பாட்டரி சோர்ந்துவிட்டது.

பிறகு, படகு இஞ்சின் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் அழைத்து வரப்பட்டார். அவர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே படிந்திருந்த ஈரத்தை உலர்ந்த துண்டால் துடைத்தார். நான்கு பேர் தள்ள, வண்டி கிளம்பிற்று. காயமுற்றவரின் கையும் பிழைத்தது. துடைக்க ஆன நேரம் இரண்டு நிமிஷம். வீணான நேரமோ அரைமணி. அந்த அரைமணியைக் காக்கும் முறையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்த்தொழில் இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. 1948-ல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில்தான் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியிட்டது. 1955-ல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் ஆயிற்று. அந்த ஆஸ்டின், 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரின் பழைய பெட்ரோல் வண்டிகள், பழைய பெட்ரோல் ஜீப்பு ஆகிய யாவும் கார்புரேட்டரும் பாயிண்ட்டும் கொண்டு ஏறக்குறைய ஒரே முறையில் இயங்குவன. கீழே கூறுவது அவற்றுக்கே பொருந்தும். டீசல் வண்டிக்கும் இக்கால மின்னணு வண்டிக்கும் பொருந்தாது.

செல்ப் வழக்கமான வேகத்தில் சுற்றுமாயின், பாட்டரியும் செல்ப் மோட்டாரும் தம் கடமையைச் செய்துவிட்டன என்று பொருள். கோளாறு வேறிடத்தில் உள்ளது. எனவே மேலும் சுற்றுவதால் பயன் இல்லை. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்றலாகாது. அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிஷம் ஓய்வு தரவேண்டும். மூன்று தடவையில் பற்றாவிடில், சாவியை விட்டுக் காரணத்தைத் தேடவேண்டும்.

இஞ்சின் பற்றுவதற்குத் தேவையானவை மூன்று: தக்க தீப்பொறி, பெட்ரோல் கலந்த காற்று, அக்கலவையை உரிய வேளையில் அழுத்தும் அமைப்பு. தொடங்குமுன் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிடுக. விசிறியருகே வேட்டி நுனியும் துண்டும் தொங்கலாகாது. பீடி, சிகரெட்டு அறவே கூடாது.

முதலில் கண்ணால் பார்த்தல். டாங்கியில் பெட்ரோல் உண்டா? முள்ளை நம்பாமல், உலர்ந்த குச்சி விட்டுப் பார்ப்பது நலம். வயர்கள் கழன்றுள்ளனவா? உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் முனைகளில் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்திருக்கும். அதைச் சுரண்டித் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, தீப்பொறிச் சோதனை. பெட்ரோல் குழாய் எதையும் கழற்றுமுன் இதைச் செய்தல் வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றுக. அது பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறியில் குறை இருக்கலாம், அல்லது சோக்கை அதிகம் இழுத்ததால் பெட்ரோல் மிகுந்திருக்கலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை என்று ஐயுறலாம். கழற்றிய துளையைத் துணியால் அடைத்து, நன்கு துடைத்த பிளக்கை அதன் வயரில் மாட்டி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் பற்றி, அதன் உடல் இஞ்சின் இரும்பில் படுமாறு, துளைக்கு எட்ட வைத்து, ஒருவரைச் சற்றே செல்ப் அடிக்கச் சொல்லுக. நீலப் பொறி சடசடவென்று பாய்ந்தால் நன்று. வெறுங்கையால் பிடித்தால் கடுமையான அதிர்ச்சி தாக்கும்.

பொறி இல்லையேல், காயிலிலிருந்து வரும் நடுவயரை அவ்வாறே சோதிக்க. அங்கே பொறி உண்டு, பிளக்கில் இல்லை என்றால், குற்றம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ ரோட்டாரிலோ இருக்கும். ஈரத்தைத் துடைத்து, விரிசல் உண்டா என்று பார்க்க. அங்கும் இல்லையேல் பாயிண்ட், கண்டென்சர், காயில் ஆகியவற்றைக் காண்க. அம்பாஸடரின் 1489 சி.சி. இஞ்சினில் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. பிளக் இடைவெளி 25 பங்கு.

மூன்றாவது, பெட்ரோல். காயிலுக்கு மின்சாரம் தரும் மெல்லிய வயரைக் கழற்றி, முனைக்குத் துணி சுற்றிய பின், கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் புட்டியில் விட்டுச் செல்ப் அடித்தால், பெட்ரோல் விட்டுவிட்டுப் பீச்சவேண்டும். வராவிடில் வடிகட்டி, பம்பின் ரப்பர்த்தகடு, குழாய் ஆகியவற்றைப் பார்க்க. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை ஈர்ப்பதுடன் பழைய ரப்பரையும் கெடுக்கும். ஆதலால் நெடுநாள் நின்ற வண்டியில் இவற்றை முதலில் ஐயுறுக. பெட்ரோல் மிகுந்து நாற்றம் வீசினால், சோக்கைத் தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தபடி ஒருமுறை சுற்றினால் போதும்.

பொறியும் பெட்ரோலும் இருந்தும் பற்றாவிடில், பிளக் வயர்கள் 1, 3, 4, 2 என்ற முறையில் உள்ளனவா என்று பார்க்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து செல்ப் அடிக்கும்போது ரோட்டார் சுற்றாவிட்டால், உள்ளே ஏதோ அறுந்துள்ளது. அது மெக்கானிக்கின் வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடசென்னையைச் சூழ்ந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலமும் பரவியதை அறிவோம். அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் ஒருபோதும் செல்ப் அடிக்கலாகாது. சிலிண்டரில் புகுந்த நீர் அழுந்தாது. இஞ்சினின் தண்டு வளைந்துவிடும்.

ஊராட்சி அன்பர்களே! உலர்ந்த துணி, குறடு, ஸ்பானர், உப்புத்தாள், தேறிய பிளக் ஒன்று ஆகியவற்றை வண்டியிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். ஊர் இளைஞர் இருவருக்கேனும் இச்சோதனைகளைப் பழக்குங்கள். ஆயினும் உயிருக்கு ஆபத்தென்றால், முதலில் 108-ஐ அழையுங்கள். காரின் மூடியைப் பிறகு திறக்கலாம்.